வெள்ளவத்தையில் ஒரு பழைய டிஸ்கிளேவியர்: உதவி தேவை

வணக்கம். மாமா கனடாவுக்குப் போகும்போது எங்களிடம் விட்டுச்சென்ற யமஹா டிஸ்கிளேவியர் என்ற, தானே வாசிக்கும் பியானோ ஒன்று வீட்டில் இருக்கிறது. 1990களில் வாங்கியது. ஒவ்வொரு கட்டையின் பின்முனைக்குக் கீழும் ஒரு மின்காந்தச் சுருள். அது தள்ள, ஆளில்லாமலே கட்டைகள் தாழ்ந்து எழும். பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் அதைப் பார்ப்பதற்கென்றே வருவார்கள்.

பாட்டுகள் எல்லாம் 720 கிலோபைட் பிளாப்பி வட்டுகளில். வயதாலும் கடற்காற்றாலும் வட்டு இயக்கி போய்விட்டது. உள்ளே இரப்பர் பட்டி பிசினாக உருகிக் கிடக்கிறது. அதற்குப் பதிலாக யூஎஸ்பி ஏற்கும் கோட்டெக் பெட்டியைப் போடலாம் என்றார் நண்பர். ஆனால் பாட்டுக்குப் பாட்டு பொத்தானை அழுத்தி எண் தேடும் பொறுமை அம்மாவுக்கு இல்லை, எனக்கும் இல்லை.

ஆகவே பியானோவின் பின்புறத்து மிடி (இசைக்கருவிக்குச் சுரக் கட்டளைகளை அனுப்பும் முறை) உள்ளீட்டில் ராஸ்பெரி பை (Raspberry Pi) என்ற சிறு கணினி ஒன்றை இணைத்து, கைப்பேசியிலிருந்து பாட்டைத் தெரிவுசெய்ய விரும்புகிறேன். சோதித்துப் பார்த்தேன், வாசிக்கிறது! ஆனால் அரை விநாடி தாமதம். மெதுவாக அடிபடும் மென்மையான சுரத்தையும் வேகமாக அடிபடும் பலத்த சுரத்தையும் ஒரே நேரத்தில் ஒலிக்கவைக்க வேண்டுமென்றே வைத்த தாமதம் அது என்று தெரியும். பியானோ மட்டும் வாசித்தால் பரவாயில்லை. ஒலிபெருக்கியில் வயலினும் சேரும்போதுதான் பிசகுகிறது. வயலினை மட்டும் பிந்தவைக்க எந்த மென்பொருள் நல்லது?

பழைய வட்டுகளில் உள்ள, யமஹாவின் சொந்த வடிவமான ஈ-செக் (E-SEQ) பாட்டுக் கோப்புகளைச் சாதாரண மிடியாக மாற்றியவர்கள் உண்டா? பம்பலப்பிட்டிப் பக்கம் வேலைசெய்யும் பிளாப்பி இயக்கி யாரிடமாவது இருந்தால், ஒரு நாள் இரவல் தந்தாலும் போதும்.