தடம் தெரியாத காட்டுவழியில் நாய்களோடு நடந்தவர்கள், உங்கள் அனுபவத்தைப் பகிருங்கள்

ஓடைக்கரை:
தாண்டிக்குடிக்குக் கீழே காப்பித் தோட்டங்களின் நடுவே இறங்கும் பழைய நடைவழியை இங்குள்ள பலரும் அறிவீர்கள். தோட்டத்து உரிமையாளரிடம் அனுமதி பெற்று, கடந்த தை மாதம் என் இரண்டு நாய்களோடு அதில் இறங்கினேன். மூத்தவள் கருப்பி, நாட்டு நாய். இளையவன் ஒன்றரை வயதுச் சிப்பிப்பாறை. சில்வர் ஓக் மரங்கள் முடிந்து உண்ணிச்செடிப் புதர் தொடங்கும் இடத்தில் வழி மூன்றாகப் பிரிந்தது. மூன்றும் ஒரே அகலத்தில், ஒரே அளவு மிதிபட்டுக் கிடந்தன. நாய்க்கு வழி தெரியும் என்று நம்பி இரண்டின் கயிற்றையும் அவிழ்த்துவிட்டேன். அந்த நிமிடத்தை நினைத்து இன்றும் வருந்துகிறேன்.

இளையவன் நடுவழியில் தயங்காமல் ஓடினான். இருபது நிமிட நடைக்குப் பின் கருப்பி அப்படியே உட்கார்ந்துவிட்டாள். கழுத்திலிருந்து வால் வரை மயிர் சிலிர்த்து நிற்க, குரைக்கவும் செய்யாமல், என்னைத் திரும்பிப் பார்க்கவும் செய்யாமல், புதரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பாறை என்று நான் நினைத்தது மூச்சுவிட்டது. முழங்காலுக்குக் கீழே வெளுத்திருந்த கால்களைக் கண்ட பிறகே அது தனியாகத் திரியும் காட்டுமாடு என்று புரிந்தது. இளையவன் குரைத்தான், அது சீறியது, அவன் நேராக என்னிடம் ஓடிவர, அதுவும் அவன் பின்னால் நாலைந்து அடி வந்து நின்றது. கருப்பியின் கழுத்துப்பட்டையைப் பிடித்தபடி பின்வாங்கியபோதுதான் வழியெங்கும் கிடந்த சாணத்தைக் கவனித்தேன். நாங்கள் அவ்வளவு நேரமும் மாட்டுத்தடத்தில் நடந்திருக்கிறோம்.

பெரியகுளத்தான்:
நண்பரே, நாயை நம்பியது தவறு என்று இதைப் படிப்பவர்கள் எண்ணிவிடக் கூடாது. தான் வந்த வழியை நாய் வாசனையைக் கொண்டு கண்டுபிடிக்கும். அது ஒருபோதும் போகாத வழியை அதனிடம் கேட்டதுதான் பிழை. பெரும்பாறைப் பக்கம் பிற்பகல் மூன்று மணிக்கே மூடுபனி இறங்கி, பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியாமல் போனபோது, என் நாயை நீளக் கயிற்றில் முன்னே நடக்கவிட்டு நான் பின்தொடர்ந்தேன். ஓரிடத்தில் அவள் நின்று ஒரு கல்லை நக்கத் தொடங்கினாள். காலையில் நாங்கள் புளியோதரைப் பொட்டலத்தைப் பிரித்து வைத்த அதே கல் அது. அந்தக் கல்லைத் தொட்டுப் பார்த்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது.

திண்டுக்கல் வாசகி:
எங்கள் நாய் ஓடையில் நீர் குடித்துத் திரும்பியபின் இரண்டு நாள் ஒரே நாசியில் இரத்தம் கசியத் தும்மிக்கொண்டிருந்தது. மருத்துவர் உள்ளேயிருந்து ஓர் அட்டையை எடுத்தார். ஆகவே சிலவற்றைச் சொல்கிறேன். தோலில் ஒட்டிய அட்டைக்கு உப்பு போதும், ஆனால் மூக்கிலும் கண்ணோரத்திலும் உப்பைத் தொடவே கூடாது. அட்டையின் உமிழ்நீர் இரத்தத்தை உறையவிடாது என்பதால் அது விழுந்த பிறகும் சற்று நேரம் கசியும். அதைக் கண்டு அஞ்ச வேண்டாம். உண்ணியே பெரிய ஆபத்து. வீடு திரும்பியதும் காது மடிப்பு, விரலிடுக்கு, அக்குள், கழுத்துப்பட்டையின் அடி ஆகிய இடங்களைத் தடவிப் பார்த்து, இடுக்கியால் தோலோடு ஒட்டிப் பிடித்து நேராக இழுக்க வேண்டும். மண்ணெண்ணெய் ஊற்றுவதும் சுடுவதும் கூடாது. ஒன்றிரண்டு வாரம் கழித்துச் சோர்வு, காய்ச்சல், ஈறு வெளுத்தல் தெரிந்தால் உடனே இரத்தப் பரிசோதனை செய்யுங்கள். தேங்கிய நீரால் எலிக்காய்ச்சல் வரும், தடுப்பூசி தவறக் கூடாது. நாய்க்கு உடல் முழுதும் வியர்க்காது. மூச்சிரைத்துத்தான் சூட்டைத் தணிக்கும் என்பதால் ஏற்றத்தில் அடிக்கடி நிறுத்தித் தண்ணீர் கொடுங்கள். கழுத்தில் மணி கட்டினால் புதரில் மறைந்தாலும் இருக்குமிடம் தெரியும்.

கானல்:
அம்மா சொன்ன மணியைப் பற்றி மட்டும் நான் மறுப்புச் சொல்ல வேண்டியிருக்கிறது. பெரியகுளத்து நண்பருக்கும் ஒன்று சொல்கிறேன். கயிறு நீளமா குட்டையா என்பதற்கு முன்னால், எந்தக் காட்டுக்குள் நாயைக் கொண்டுபோகிறோம் என்பதைப் பார்க்க வேண்டும். கொடைக்கானல் மலைக்காடுகளில் பெரும்பகுதி 2013-லேயே வனவிலங்குச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டுவிட்டது. 2018-இல் கிர் காட்டில் சிங்கங்கள் இறந்தபோது, நாய்களைத் தாக்கும் டிஸ்டெம்பர் வைரஸ் அவற்றில் சிலவற்றிடம் கண்டறியப்பட்டது. நம் நாய் காட்டுக்குத் தரும் நோயையும் நாம்தான் எண்ணிப் பார்க்க வேண்டும்.

என்னிடம் மூன்று நாய்கள் இருந்தன. தோட்டத்து எல்லைவழியில் ஒன்றன்பின் ஒன்றாக நடந்தோம். கடைசியாக வந்த நாயின் கழுத்தில் மணி இருந்தது. இரண்டாம் வளைவில் அந்த மணி நின்றது. குரைப்போ முனகலோ எதுவும் கேட்கவில்லை. திரும்பிப் போய்ப் பார்த்தேன். ஈரமண்ணில் அதன் கால்தடம் வழியின் நடுவிலேயே முடிந்திருந்தது. சிறுத்தைதான் என்று தோட்டத்துக் காவலர் அடுத்த நாள் தடம் பார்த்துச் சொன்னார். முன்னே போன இரண்டும் அன்று வீடு வரும்வரை என் காலைவிட்டு விலகவில்லை.

ஓடைக்கரை:
ஐயா, மனம் கனத்துவிட்டது. அது எந்த மாதம், எத்தனை மணிக்கு நடந்தது என்று சொல்ல முடியுமா? எங்கள் வீட்டுக்குப் பின்னாலும் அப்படி ஓர் எல்லைவழி இருக்கிறது.

கானல்:
ஐப்பசி. மாலை நான்கரை மணி. நல்ல வெளிச்சம் இருந்தது.