பிக்கப் கொடுத்தா நீலப் புகை, டர்போ மாத்தணும்ங்கறாங்க, வேற வழி இருக்குங்களா?

பொள்ளாச்சிக்காரன்:
வணக்கங்ணா. வண்டி 2012 மாடல், 1.3 லிட்டர் டர்போ டீசல், 1,34,000 ஓடியிருக்கு. போன மாசம் குடும்பத்தோட வால்பாறை போனோம், ஆழியாறுலேர்ந்து 40 கொண்டை ஊசி வளைவும் நல்லாத்தான் ஏறுச்சு. இறங்கி வந்து அஞ்சு நிமிஷம் ஐடில்ல நிறுத்திட்டு எடுத்தப்போ பின்னாடி வந்த பைக்காரர் முகமே தெரியல, அவ்வளவு நீலப் புகை. அதுலேர்ந்து சிக்னல்ல நின்னு எடுத்தாலே வருது, ஒரே வேகத்துல போனா ஒண்ணும் இல்ல. ஆயில் 1,000 கிலோமீட்டருக்கு முக்கால் லிட்டர் குறையுது. காட்டுன இடத்துல எதையும் கழட்டிப் பாக்காமலே டர்போ போச்சு, 48,000 ஆகும்னுட்டாங்க. பொண்ணுக்கு காலேஜ் பீஸ் கட்ட வேண்டிய நேரங்ணா, அவ்வளவு போட்டும் நிக்கலேன்னா என்ன பண்றதுன்னே தெரியல.

ஈரோடு பட்டறை:
தம்பி, இன்னும் காசு கொடுக்காதீங்க. ஆயில் எரியறது நிச்சயம், எந்த வழியா வருதுங்கறதுதான் கேள்வி. காலையில முதல் ஸ்டார்ட்ல மட்டும் குப்புனு வந்துட்டு நின்னா வால்வ் சீல் (வால்வ் தண்டு வழியா ஆயில் உள்ள இறங்காம தடுக்கற ரப்பர்). லோடு ஏத்தி மிதிக்கறப்போ எல்லாம் வந்தா ரிங் (பிஸ்டனைச் சுத்தி இருக்கற வளையம்). ஐடில்ல நின்னு எடுக்கறப்போ வந்தா டர்போ (எஞ்சினுக்குள்ள காத்தை அழுத்தித் தள்ற ஃபேன்) பக்கம் பாக்கணும், ஏன்னா ஐடில்ல பூஸ்ட், அதாவது டர்போ தள்ற காத்தழுத்தம், இருக்காது, ஆயிலைத் தடுக்க எதிர்க்காத்து இல்லாம கசிஞ்சு தேங்கி நிக்கும், மிதிச்சதும் மொத்தமா எரியும்.

ஆனா கசியுதுன்னா சீல் தேஞ்சிருச்சுன்னு அர்த்தம் இல்ல. டர்போவுக்கு ஆயில் பிரஷரோட வரும், கீழ இறங்கறப்போ ஓட்டுல மழைத்தண்ணி வழியற மாதிரி தானா வழிஞ்சு எஞ்சின் அடியில ஆயில் தங்கற சம்புக்குப் போகணும். ரிட்டர்ன் பைப் அடைச்சாலோ, எஞ்சினுக்குள்ள சேர்ற காத்தை வெளிய விடற பிரீதர் பைப் அடைச்சு கிராங்க் கேஸ்ல (எஞ்சினோட அடிப்பகுதி) காத்து தங்கினாலோ இறங்க வழி இல்லாம நல்ல டர்போவே ஆயில் கக்கும். புது டர்போ போட்டாலும் அதே கதைதான், அப்படி ரெண்டு தடவை மாத்தின வண்டி என்கிட்ட வந்திருக்கு.

எஞ்சின் ஆறினப்புறம் டர்போவுக்கு முன்னாடி வர்ற ஹோஸைக் கழட்டுங்க. உள்ள விரல் விட்டு ஃபேன் நடுவுல இருக்கற நட்டைப் பிடிச்சு முன்ன பின்ன ஆட்டுங்க, அசையவே கூடாது. பக்கவாட்டுல லேசா ஆடலாம், பிளேடு சுவர்ல உரசுனா மட்டும் டர்போ காலி. அப்புறம் எஞ்சினை சூடாக்கி ஐடில்ல விட்டு ஆயில் மூடியைத் திருகாம சும்மா மேல வைங்க, குதிக்குதான்னு பாருங்க.

டீசல் தம்பி:
நடுவுல கேக்கறேன், என் வண்டில கருப்புப் புகை, பிக்கப்பும் இல்ல, மிதிச்சா உஸ்னு சத்தம். இதுவும் டர்போவாண்ணா?

ஈரோடு பட்டறை:
உங்களுக்கு காத்து பத்தல. உஸ்னு சத்தம் வருதுன்னா இன்டர்கூலர் (டர்போ தள்ற காத்தை ஆறவைக்கற பெட்டி) ஹோஸ் கிழிஞ்சிருக்கும் இல்ல கிளாம்ப் நழுவியிருக்கும், ஹோஸுக்கு அடிப்பக்கமும் கையால தடவிப் பாருங்க. அதுலயும் ஒண்ணும் இல்லேன்னா ஏர் ஃபில்டர், இஜிஆர் (புகையில கொஞ்சத்தைத் திரும்ப எஞ்சினுக்கே விடற வால்வ்), இன்ஜெக்டர்னு வரிசையாப் போங்க.

பொள்ளாச்சிக்காரன்:
பாத்துட்டேங்ணா. நட்டு முன்ன பின்ன அசையவே இல்ல. டர்போவுக்கு முன்னாடி ஹோஸ் காய்ஞ்சு கிடக்கு, பின்னாடி இன்டர்கூலர் போற ஹோஸ்ல கைவிட்டா மணிக்கட்டு வரைக்கும் ஆயில். மூடி தடதடன்னு குதிச்சு கீழ விழுந்துருச்சு. பக்கத்துல நின்னவர் ரிங் போச்சு, எஞ்சினையே இறக்கணும்ங்கறாரு. பயமா இருக்கு.

ஈரோடு பட்டறை:
பயப்படாதீங்க. ரிங் போனாலும் மூடி குதிக்கும், பிரீதர் அடைச்சாலும் குதிக்கும். முதல்ல பிரீதரைக் கழட்டி க்ளீன் பண்ணிட்டு மறுபடி மூடியை வச்சுப் பாருங்க, அப்பவும் குதிச்சா கம்ப்ரஷன் டெஸ்ட் (சிலிண்டர்ல அழுத்தம் நிக்குதான்னு பாக்கற சோதனை) எடுங்க. கையோட ரிட்டர்ன் பைப்பையும் கழட்டி ஊதிருங்க. இன்டர்கூலர்ல தேங்கின ஆயிலைக் கண்டிப்பா வடிக்கணும், அது மொத்தமா உள்ள போனா எஞ்சின் அந்த ஆயிலையே எரிச்சு தானா ஏறும், சாவியை ஆஃப் பண்ணாலும் நிக்காது. அப்படி ஆனா டாப் கியர் போட்டு பிரேக்கை முழுசா அழுத்தி கிளட்சை விடுங்க, ஆஃப் ஆயிடும். இதை வீட்ல வண்டி ஓட்டற எல்லாருக்கும் சொல்லி வைங்க.

பொள்ளாச்சிக்காரன்:
அண்ணா, பிரீதர்தான். டேப்பட் கவர் (எஞ்சினோட மேல் மூடி) மேல இருந்த பைப்பைக் கழட்டினா உள்ள தார் மாதிரி கருப்பு, ஸ்க்ரூ டிரைவரை விட்டா ஒட்டிக்கிட்டு வருது. வாயால ஊதிப் பாத்தேன், காத்தே போகல. டீசல்ல ஊறவச்சு க்ளீன் பண்ணி, ரிட்டர்ன் பைப்புக்கு வாஷர் புதுசு போட்டு, இன்டர்கூலரைக் கவுத்தா கால் லிட்டர் ஆயில் ஊத்துச்சு. எல்லாம் சேர்த்து 1,900 ரூபாதான் ஆச்சு. மூடி இப்ப லேசா அதிருது, விழல. முதல் ரெண்டு நாள் புகை கொஞ்சம் வந்துச்சு, மறுபடியுமான்னு மனசு அடிச்சுக்கிச்சு.

ஈரோடு பட்டறை:
சைலன்சர்ல படிஞ்ச பழைய ஆயில் எரியுது, அது போகட்டும். டிப் ஸ்டிக் மட்டும் பாத்துட்டே இருங்க.

பொள்ளாச்சிக்காரன்:
நேத்தோட 600 கிலோமீட்டர் தாண்டிருச்சுங்ணா, சமதரையில நிறுத்தி ஆறவிட்டுப் பாத்தேன், ஆயில் அதே கோட்டுல நிக்குது. ரொம்ப நன்றிங்ணா.