ஒரே தீம், பல தளங்கள்: உங்கள் அனுபவம் சொல்லுங்கள்

பள்ளி, ஜவுளிக்கடை, உள்ளூர்ச் செய்தி என்று பலருக்கும் வேர்ட்பிரஸ் தளம் செய்து தருகிறோம். அத்தனைக்கும் பேரன்ட் தீம், அதாவது தளத்தின் தோற்றத்தைத் தீர்மானிக்கும் அடிப்படைக் கோப்புத் தொகுப்பு, ஒன்றுதான். நிறம், லோகோ, முகப்பு அமைப்பு என்று தளத்துக்குத் தளம் மாறுவது மட்டும் அதன்மேல் அமையும் அந்தந்தச் சைல்டு தீமில் இருக்கும். சைல்டின் ஸ்டைல் கோப்பில், மேலே டெம்ப்ளேட் என்ற வரியில் பேரன்ட்டின் ஃபோல்டர் பெயரைக் கொடுத்துவிட்டால் போதும். பக்கத்தின் அமைப்பைச் சொல்லும் டெம்ப்ளேட் கோப்பு தன்னிடம் இல்லையென்றால், சைல்டு அதை அங்கிருந்து எடுத்துக்கொள்ளும்.

நான் பார்த்த பெரிய சிக்கல், பக்கத்தின் மேல்பகுதியைக் காட்டும் ஹெடர் கோப்பில்தான். எங்கள் தீமை வைத்து வேறொருவர் பராமரித்துவந்த கடைத் தளம் ஒன்று எங்கள் கைக்கு வந்தது. ஃபோன் நம்பர் ஒன்றைக் காட்டுவதற்காக ஹெடர் கோப்பை முழுசாகச் சைல்டுக்குள் காப்பி செய்திருந்தார்கள். மொபைலில் மெனு திறக்காத பிழையைப் பேரன்ட்டில் திருத்தினோம். மற்ற தளங்களில் சரியானது, இதில் மட்டும் மெனு அசையவே இல்லை. சைல்டில் அதே பெயரில் கோப்பு இருந்தால் பேரன்ட்டுடையதை வேர்ட்பிரஸ் தொடாது. அப்புறம், ஹெடரில் எந்த இடத்தில் தளங்கள் எதையாவது சேர்க்கக் கேட்கின்றனவோ, அங்கே பேரன்ட்டிலேயே, வெளியிலிருந்து கோடை இணைக்க உதவும் ஒரு ஆக்‌ஷன் ஹுக் வைத்தோம். ஃபோன் நம்பர், கூடுதல் கோடு எழுதும் இடமான சைல்டின் ஃபங்ஷன்ஸ் கோப்பில் நாலு வரியில் முடிந்தது, காப்பியைத் தூக்கிவிட்டோம். ஃபங்ஷன்ஸ் கோப்பு மட்டும் ஒன்றை ஒன்று மறைக்காது. இரண்டுமே ஓடும், அதிலும் சைல்டுடையது முதலில். இந்த ஏற்பாட்டை யோசித்தவர்களைப் பாராட்டத்தான் வேண்டும்.

மறுமொழி 1

எங்கள் கல்லூரித் துறைகளுக்கு மல்டிசைட், அதாவது ஒரே வேர்ட்பிரஸில் பல தளங்கள், போட்டோம். 2010-ல் வந்த 3.0 பதிப்பிலிருந்தே இது வேர்ட்பிரஸுக்குள் இருக்கிறது. தீம் ஃபோல்டர் எல்லாருக்கும் பொது, அதனால் அப்டேட் ஒரே நொடியில் எல்லாத் துறைக்கும் போய்விடும். உரிமையாளர் ஒருவரே என்றால் அருமை. வேறுவேறு வாடிக்கையாளர்களை இப்படி ஒன்றாகக் கட்டிப்போட நான் சம்மதிக்க மாட்டேன்.

மறுமொழி 2

அண்ணா சொன்ன ஹெடர் சிக்கல், தளம் உருவாக்கும் இன்னொரு கருவியான ஹ்யூகோவிலும் உண்டு. தளத்தின் லேஅவுட்ஸ் ஃபோல்டரில் அதே பெயரில் கோப்பு இருந்தால், தீமில் உள்ளதை அது மறைத்துவிடும்.

முதலில் தீமை, கோப்புகளின் பதிப்புகளைக் காக்கும் கிட்டில் சப்மாட்யூலாக, அதாவது தளத்தின் களஞ்சியத்துக்குள் இணைத்த தனிக் களஞ்சியமாக, வைத்திருந்தோம். புதிதாகச் சேர்ந்த தம்பி சாதாரணமாக குளோன் செய்ததில் (களஞ்சியத்தை நகலெடுத்ததில்) தீம் ஃபோல்டர் காலியாக வந்து, பக்கங்கள் எல்லாம் வெறுமையாக நின்றன. சப்மாட்யூலையும் சேர்த்து இழுக்கத் தனியாகச் சொல்ல வேண்டும் என்பது அவருக்கு எப்படித் தெரியும்? இப்போது ஹ்யூகோ மாட்யூல்ஸுக்கு வந்துவிட்டோம். தீமின் எந்தப் பதிப்பு என்று ஒவ்வொரு தளமும் தன் கோப்பில் எழுதி வைத்திருக்கும்.

இந்தப் பதிப்பு விஷயத்தின் அருமை சமீபத்தில் தெரிந்தது. தீமில் வரி உயரம் 1.2 இருந்ததால், ஒரு வரியின் 'கூ', 'ழு' எல்லாம் கீழ்வரியின் 'கீ', 'தி' மேல் முட்டின. அதை 1.7 ஆக்கிப் புது டேக் (பதிப்பைக் குறிக்கும் பெயர்) போட்டேன். ஒரு சிற்றிதழின் தளத்தில் மட்டும் கவிதைப் பக்கங்களின் அமைப்பு கலைந்தது. சரி, அதைப் பழைய டேகிலேயே விட்டுவிட்டு மற்றவற்றை மாற்றினேன். அடுத்த இதழ் அச்சுக்குப் போனதும் கவிதைப் பக்கங்களைச் சேர்ந்து சரிசெய்யலாம் என்று ஆசிரியர் சொல்லியிருக்கிறார்.