வாடகை வீட்டு சுவத்துல பூசணம்: உங்க வீட்ல என்ன ஆச்சு?

வேளச்சேரில கிரவுண்ட் ஃப்ளோர் வீடு, அஞ்சு வருஷமா இருக்கோம். ஐப்பசி மழை ஆரம்பிச்சா போதும், பீரோ பின்னாடி கறுப்பு கறுப்பா புள்ளி வந்துடும். மொதல்ல தூசின்னு நெனச்சு தொடச்சேன், ரெண்டே நாள்ல அதே எடத்துல திரும்ப. வாசனை சொல்லவே வேணாம், வாளியில ஊறவச்சு மூணு நாள் மறந்துபோன துணி மாதிரி. ஒரு முகூர்த்தத்துக்குக் கட்டலாம்னு பட்டுப்புடவைய எடுத்தா மடிப்பெல்லாம் வெள்ளையா பூத்திருக்கு. அம்மா எடுத்துக் குடுத்த புடவை, ஒக்காந்து அழுதேன்.

ஓனர்கிட்ட சொன்னா "நீங்க ஜன்னலே தொறக்கறதில்லமா, உள்ளயே துணி காயப்போடறீங்க"ன்னார். (பாதி உண்மை, கொசுவுக்குப் பயந்து சாயங்காலம் ஆறு மணிக்கே சாத்திடுவேன்.) பெயிண்டர் வந்து பட்டி பாத்து ரெண்டு கோட் அடிச்சுட்டுப் போனார், ரெண்டே மாசத்துல பெயிண்ட் அப்பளமா உப்பி உள்ளேர்ந்து அதே கறுப்பு. அடுத்த வருஷமும் இதே கூத்து.

கடைசில கொத்தனார் வேல பாத்த எங்க மாமா வந்து அலுமினியம் ஃபாயில் ஒரு முழம் வெட்டி நாலு பக்கமும் டேப் போட்டு சுவத்துல ஒட்டினார். ரெண்டு நாள் கழிச்சு பாத்தா ரூம் பக்கம் காஞ்சு கெடக்கு, பிரிச்சா சுவத்து பக்கம் முத்து முத்தா தண்ணி. "காத்து ஈரம்னா வெளிப்பக்கம் வேர்த்திருக்கும், இது சுவத்துக்குள்ள ஏறின ஓதம்"னார். நேர் மேல மாடி வீட்டு பாத்ரூம், தரையில தண்ணி போற ஓட்டையில வைக்கற நானி ட்ராப்ப சுத்தி சிமெண்ட் போயிருக்கு. வெயில் காலத்துல அப்பப்ப காஞ்சுடறதால தெரியல, மழைல காய வழியில்ல. மேல டைல்ஸ் ஒடச்சு வாட்டர்ப்ரூஃபிங் பண்ணி, எங்க பக்கம் பூச்ச கொத்தி எடுத்து நல்லா காயவிட்டு அப்புறம்தான் பெயிண்ட். இந்த மழைக்கு ஒண்ணும் வரல.

---

அக்கா நான் வால்பாறை. இங்க ஆடில துணி காயறதே அதிசயம், ஷூ பெல்ட் எல்லாம் பச்சை பூத்துடும். எங்களுக்கு ஒழுகல் எதுவும் இல்ல, காத்தே ஈரம். பீரோவ சுவத்துலேர்ந்து அரை அடி தள்ளி வச்சு, மழ விடற நேரமெல்லாம் கதவத் தொறந்து விடறேன், பாதி கொறஞ்சிருக்கு.

---

தேய்க்கறவங்க ஜாக்கிரதை. நான் ப்ளீச்சிங் பவுடர் கரைச்சு தேய்ச்சுட்டு, போகலன்னு அது மேலயே பாத்ரூம் ஆசிட்ட ஊத்தினேன், மூடின ரூம் வேற. கெளம்புனது குளோரின் கேஸ், மூச்சு முட்டி பால்கனிக்கு ஓடினேன். ரெண்டையும் கலக்கவே கூடாது. அதே மாதிரி காஞ்ச பூசணத்த தொடப்பத்தால தட்டாதீங்க, ரூம் பூரா பறக்கும்.

---

சிஸ், செலவு யார் பண்ணாங்க? தமிழ்நாட்டு 2017 வாடகைச் சட்டத்துல சுவர் மாதிரி கட்டட ரிப்பேரும் வெள்ளையடிக்கறதும் ஓனர் பொறுப்பு, அந்த கட்டட ரிப்பேர்ல நாம ஒடச்சதுக்கு மட்டும்தான் நாம.

---

ஓனர்தான் குடுத்தார் ப்ரோ, ஃபாயில கையில காட்டின பிறகுதான் வாய் மூடினார். புடவைய ட்ரை வாஷ் குடுத்தேன், வெள்ளை போயிடுச்சு, ஜரிகை ஓரத்துல ஒரு காசு அளவு கறை மட்டும் போகல. கொசுவத்துக்குள்ள மறைச்சுக் கட்டிக்கறேன்.