கீசர் போட்டா எம்சிபி விழுது, 32 போடலாமா? (பெங்களூரு)

விவேக்நகர்_வாசி: அவசரம். கீசர் போட்டா எம்சிபி (கரண்ட் அளவு மீறினா தானா அணையுற ஸ்விட்ச்) விழுது. எலக்ட்ரீஷியன் 32 ஆம்ப்ஸ் மாத்திடலாம்ங்கிறார், நாளைக்குக் காலைல வர்றார். மாத்தலாமா?

செம்புக்கம்பி: கீசர் எத்தனை வாட்? இப்ப இருக்கிற எம்சிபி எத்தனை? போட்ட உடனே விழுதா, கொஞ்ச நேரம் கழிச்சா? உடனேன்னா ஷார்ட். கழிச்சுன்னா ஓவர்லோடு.

டெஸ்டர்: காயில்தான். போர்வெல் தண்ணில உப்பு படிஞ்சு காயில் வெடிச்சிருக்கும். கழற்றிப் பாருங்க.

லைன்மேன்67: இதே கேள்விக்கு எத்தனை தடவை பதில் எழுதுறது? வயர் சைஸ் சொல்லாம எம்சிபி கேட்கக் கூடாது தம்பி. எம்சிபி காப்பாத்துறது கீசரை இல்ல, சுவருக்குள்ள போற வயரை.

விவேக்நகர்_வாசி: 3000 வாட், 25 லிட்டர். எம்சிபி 16. இண்டக்‌ஷன் அடுப்பும் ஓடினா 20 நிமிஷத்துல விழுது. வயர் மஞ்சள் கலர்.

செம்புக்கம்பி: அப்ப காயில் இல்ல. கீசர் 13 ஆம்ப்ஸ், இண்டக்‌ஷன் 2000 வாட்னா கிட்டத்தட்ட 9. மொத்தம் 22, ஒரே லைன்ல. எம்சிபி தன் வேலையைச் சரியாத்தான் செய்யுது.
கலரை வச்சு சைஸ் தெரியாது. மெயினை அணைச்சு, டெஸ்டர் வச்சுக் கரண்ட் இல்லைன்னு பார்த்துட்டு, சாக்கெட்டைத் திறந்து வயர் மேல இருக்கிற அச்சைப் படிங்க. அச்சு அழிஞ்சிருந்தா முனையில இழையை எண்ணுங்க. 0.3 மி.மீ. இழை 22 இருந்தா ஒன்றரை ஸ்கொயர் (சதுர மி.மீ.), 36னா ரெண்டரை, 56னா நாலு. சாக்கெட் முனை கறுத்திருக்கான்னும் பாருங்க.

லைன்மேன்67: ஒன்றரையா இருந்தா 32 போடவே கூடாது. 32 எம்சிபி 46 ஆம்ப்ஸ்லகூட விழ ஒரு மணி நேரம் வரை எடுத்துக்கலாம். வயர் உறையோட பிவிசி தாங்குறது 70 டிகிரி. அதுக்குள்ள உறை இளகிக் கெட்டுடும்.

ஸ்விட்ச்போர்டு: எஃப்ஆர்எல்எஸ் வயர் வாங்கினா சின்ன சைஸே தாங்கும்.

செம்புக்கம்பி: தாங்காது. எஃப்ஆர்எல்எஸ் தீ பரவாம, புகை குறைய உதவும். கரண்ட் தாங்குறது செம்போட பருமன்.

டெஸ்டர்: கீசருக்கு மட்டும் தனி லைன்னா ரெண்டரை போதும். நாலு வீண் செலவு.

லைன்மேன்67: தனிப் பைப்பா இருந்தா போதும். பழைய பைப்புல மூணு சர்க்யூட் சேர்ந்து போனா ரெண்டரை தாங்குற 24 ஆம்ப்ஸ் 70 சதவீதமாகி 16.8க்கு வந்துடும். மே மாச வெயில்ல இன்னும் குறையும். நாலு போட்டா 22 வரைக்கும் இடம் இருக்கு.

டெஸ்டர்: அந்த 24 சுவருக்குள்ள போற பைப்புக்குப் பொருந்தாது சார்.

லைன்மேன்67: செங்கல் சுவருக்குப் பொருந்தும். பொருந்தலைன்னா இன்னும் குறைச்சல்தானே? அப்பவும் நாலுதான்.

விவேக்நகர்_வாசி: எண்ணிட்டோம், 22 இழை. முனை கறுத்திருக்கு. 32 வேண்டாம்னுட்டேன். கீசருக்கு டிபியிலிருந்து (எம்சிபி எல்லாம் இருக்கிற பெட்டி) நாலு ஸ்கொயர் தனி லைன், 16 எம்சிபி. நன்றி எல்லாருக்கும்.

செம்புக்கம்பி: கறுத்த சாக்கெட்டையும் மாத்திடுங்க. பழைய ஒன்றரை லைன்ல 16ஐ எடுத்துட்டு 10 போடுங்க, இண்டக்‌ஷனுக்கு ரெண்டரைல வேற லைன். எர்த் வயரும் சேர்த்து இழுக்கிறாரா? டிபியில 30 மில்லி ஆம்ப்ஸ் ஆர்சிசிபி (கரண்ட் கசிஞ்சா அணைக்கிற ஸ்விட்ச்) இருக்கா?