பெயர் வைக்கும் சண்டைக்குள் கடவுள் வந்த நேரம்: எங்கள் வீட்டு அனுபவங்கள்

ஒரு தகப்பன்

மகள் பிறந்து 3 வாரமாகியும் அவளுக்குப் பெயர் இல்லை. அப்பாவுக்குத் தன் அம்மாவின் பெயரை வைக்க வேண்டும். என் மனைவிக்கு 'கிருபா'தான். தப்பு என்னுடையது. பிரசவத்துக்கு முன்பே, அவளிடம் ஒரு வார்த்தை கேட்காமல், அப்பாவிடம் "சரிப்பா" என்று சொல்லியிருந்தேன். அவளிடம் "பார்த்துக்கலாம்" என்றேன். இரண்டு பக்கமும் நல்ல பிள்ளை.

சண்டை முற்றியபோது வேதாகமத்தை எடுத்தேன். பக்தி ஒன்றும் இல்லை. மனைவியை மடக்க ஏதாவது வசனம் கிடைக்குமா என்றுதான். லூக்கா முதல் அதிகாரத்தில் பார்த்தால் அங்கேயும் ஒரு பெயர்ச் சண்டை. எட்டாம் நாள் சொந்தக்காரர்கள் கூடி, தகப்பன் பெயரான சகரியாவையே பிள்ளைக்கும் வைக்கப் போகிறார்கள். எலிசபெத்து, 'இல்லை, யோவான்' என்கிறாள். உங்கள் உறவில் அந்தப் பெயரில் ஒருவருமே இல்லையே என்கிறார்கள். அதோடு விடாமல், வாய் பேச முடியாத தகப்பனிடம் போய்ச் சைகையில் கேட்கிறார்கள். பெற்றவள் பக்கத்திலேயே நிற்கிறாள், வாயும் இருக்கிறது! சிறுவயது முதல் எத்தனையோ முறை கேட்ட பகுதி அது. அந்தச் சொந்தக்காரர்களில் ஒருவனாக என்னைப் பார்த்தது அன்றைக்குத்தான். சகரியா பலகையில் எழுதியதும் மனைவி சொன்ன அதே பெயரை.

அன்று இரவு அவளிடம் முதல்முறையாகக் கேட்டேன்: ஏன் கிருபா? ஐந்தாம் மாதம் உதிரப்போக்கு வந்து, பிள்ளை தங்குமோ தங்காதோ என்று படுத்துக் கிடந்தபோது, வயிற்றில் கைவைத்து அவள் கூப்பிட்ட பெயராம். "அப்பவே அவளுக்குப் பேர் வெச்சாச்சு" என்றாள்.

வெளியே அப்பா தூங்கவில்லை போல. கதவருகே வந்து நின்றார். 9 வயதில் அம்மா போய்விட்டாள், அந்தப் பெயரை வீட்டில் யாராவது கூப்பிட ஒரு தடவை காதால் கேட்க வேண்டும், அவ்வளவுதான் என்றார். அதற்குமேல் மூன்று பேருக்கும் பேச்சு வரவில்லை. ஒளி, குரல் எதுவும் இல்லை. ஆனாலும் அந்த அறையில் எங்களோடு இன்னொருவர் இருந்தார். அதை யார் கேட்டாலும் சொல்வேன்.

காலையில் அவளை முதலில் "கிருபா" என்று கூப்பிட்டது அப்பாதான். தனியாக இருக்கும்போது மட்டும் "அம்மா" என்கிறார். பெண்பிள்ளைகளை எல்லாரும் அப்படிக் கூப்பிடுவதுதான். ஆனால் அவர் கூப்பிடும்போது நான் அந்தப் பக்கம் பார்ப்பதில்லை.

ஒரு பாட்டி

தம்பி, என் கதை இவ்வளவு அழகாக முடியவில்லை. பேரனுக்கு மகனும் மருமகளும் வைத்த பெயர் எனக்குப் பிடிக்கவில்லை. நான் சொன்னதை ஒருவரும் காதில் வாங்கவில்லை. அந்தப் பெயரை வாயால் சொல்லக்கூடாது என்று வீம்பாக இருந்தேன். ஜெபத்தில்கூட "ஆண்டவரே, அந்தக் குழந்தையை" என்பதோடு சரி. ஏழெட்டு மாதம் இப்படியே.

ஒரு நடுராத்திரி மருமகள் ஃபோன் செய்தாள். பிள்ளைக்குக் காய்ச்சல் ஏறி வலிப்பு வந்துவிட்டதாம். "ஜெபம் பண்ணுங்க அத்தை" என்று அழுகிறாள். முழங்காற்படியிட்டு "அந்தக் குழந்தை" என்று ஆரம்பித்தேன். யாரோ ஊரார் பிள்ளைக்கு மன்றாடுவது போலிருந்தது, தொண்டை அடைத்தது. அப்புறம் பெயரைச் சொன்னேன். சொல்லச் சொல்ல என் பிடிவாதம் இறங்கியது; காய்ச்சல் மறுநாள்தான் இறங்கியது. பெயர் இன்னும் எனக்குப் பிடிக்கவில்லை என்பது வேறு விஷயம். ஆனால் தினமும் சொல்கிறேன்.

இன்னொருவர்

எங்கள் வீட்டில் தீரவே இல்லை. சண்டை நடந்த மாதங்களில் கடவுளை நான் உணரவும் இல்லை, அதையும் யாராவது சொல்லத்தானே வேண்டும். வேதாகமத்தில் வரும் ரூத் என்ற பெண்ணின் மகனுக்கு ஓபேத் என்று பெயரிட்டது அக்கம்பக்கத்துப் பெண்கள் என்று பின்னால் ஒருநாள் படித்தேன். அப்போதுதான் இந்த விஷயத்தில் முதல் தடவையாகச் சிரித்தேன், மனைவியும் சிரித்தாள். மகனுக்கு இப்போது 4 வயது, 3 பெயர். எதைச் சொல்லிக் கூப்பிட்டாலும் ஓடி வருகிறான்.