கொரியாவில் படிப்பிக்கப் போகிறேன், மலையகத்தில் இருந்து போய் வந்தவர்கள் இருக்கிறீர்களா?

ஹட்டன் பிள்ளை:

எல்லோருக்கும் வணக்கம். எனக்கு ஹட்டனுக்குப் பக்கத்தில் ஒரு தோட்டம். கலாநிதிப் பட்டம் முடித்துவிட்டேன். தென்கொரியாவில் டேகு நகருக்கு அருகில் ஒரு பல்கலைக்கழகத்தில் ஒரு வருட விரிவுரையாளர் வேலை கிடைத்திருக்கிறது. அங்கே மார்ச்சில் வகுப்புத் தொடங்குகிறது, பெப்ரவரி கடைசியில் போக வேண்டும். விசா அலுவல் எல்லாம் சரி. அன்றாட வாழ்க்கை எப்படி என்றுதான் தெரியவில்லை.

அம்மா கொழுந்து எடுத்துத்தான் என்னைப் படிக்க வைத்தார். "அங்கே போய் என்னத்தைச் சாப்பிடுவாய்?" என்பதுதான் அவருக்குப் பெரிய கவலை. செவ்வாய், வெள்ளி நான் மரக்கறி மட்டும். என் பயம் வேறு. வகுப்பில் என்னை அறியாமல் மரியாதைக் குறைவாக ஏதாவது நடந்துவிடுமோ என்று யோசித்துக்கொண்டே இருக்கிறேன். குளிர் பழக்கம்தான், நுவரெலியாவில் இரண்டு வருடம் இருந்திருக்கிறேன்.

பண்டாரவளை அக்கா:

தம்பி, வாழ்த்துகள். நானும் அதே பக்கம்தான், டேகுவுக்குப் பக்கத்தில் கியோங்சானில் மூன்று வருடம் இரசாயனவியல் படிப்பித்தேன்.

முதலில் உங்கள் தலையைக் கவனியுங்கள். நாம் "சரி, சரி" என்பதற்குத் தலையை இரண்டு பக்கமும் ஆட்டுவோம் இல்லையா? அங்கே அது "இல்லை". முதல் கிழமையில் ஒரு பையன் ஆய்வுகூடக் கணக்கைக் கொண்டுவந்து காட்டினான். சரியாகத்தான் செய்திருந்தான். நானும் தலையை ஆட்டினேன். போய் முழுவதையும் அழித்துவிட்டு வேறு மாதிரி செய்து வந்தான். "முதல் செய்ததுதான் நல்லது" என்று சொல்லி மறுபடி ஆட்டினேன். அவன் முகம் சுருங்கிவிட்டது. பக்கத்து மேசை விரிவுரையாளர் விளக்கிய பிறகுதான் எனக்கே புரிந்தது. அதன் பிறகு கழுத்தை அசைக்காமல் வாயால் "நே" என்று சொல்லிப் பழகினேன். கொரிய மொழியில் "நே" என்றால் ஆம். சிங்களத்தில் கிட்டத்தட்ட அதே சத்தம் "இல்லை" ஆகிவிடும். நம் ஊரில் இரண்டு மொழியும் கேட்டு வளர்ந்த காதுக்கு இது பழகக் கொஞ்ச நாள் எடுக்கும்.

அடுத்தது சிவப்பு மை. விடைத்தாள் திருத்தலாம், பெயரை மட்டும் சிவப்பில் எழுதாதீர்கள். அது இறந்தவர்களோடு சேர்த்துப் பார்க்கிற விஷயம். நான் வெண்பலகையில் குழுப் பெயர்களைச் சிவப்பில் எழுதிவிட்டேன். யாரும் வாய் திறக்கவில்லை. இடைவேளையில் ஒரு பெண் பிள்ளை வந்து, ஒவ்வொன்றாய் அழித்து, கறுப்பில் எழுதிவிட்டுப் போனாள்.

அந்த அமைதிதான் எனக்கு ஆகக் கஷ்டமாக இருந்தது. "கேள்வி இருக்கிறதா?" என்று கேட்டால் எல்லோரும் குனிந்துகொள்வார்கள். என்னைப் பிடிக்கவில்லை என்றே ஒரு மாதம் நினைத்தேன், அறைக்குப் போய் அழுதும் இருக்கிறேன். உண்மையில் மூத்த மாணவர்கள் இருக்கும் வகுப்பில் முந்திக்கொண்டு பேச அவர்களுக்குக் கூச்சம். வகுப்பு முடிந்ததும் கதவடியில் நிற்பார்கள், இல்லாவிட்டால் இரவில் மின்னஞ்சல் வரும். பிறகு நான் சின்னச் சின்னத் தாள் கொடுத்துக் கேள்வியை எழுதி வாங்கினேன். முதல் நாளே முப்பதுக்கு மேல் வந்தது.

மரியாதை விஷயத்தில் நமக்குப் பாதி வேலை மிச்சம். கோயிலில் தீர்த்தம் வாங்கும்போது வலக்கைக்குக் கீழே இடக்கையை வைப்போமே, அங்கே பெரியவர்களிடம் எதைக் கொடுத்தாலும் வாங்கினாலும் அப்படித்தான். வயதைக் கேட்டால் கோபப்படாதீர்கள். நீ போடுவதா நீங்கள் போடுவதா என்று தெரிய அவர்களுக்கு அது வேண்டும். உங்களை "கியோசூனிம்" என்பார்கள், நம் "சேர்" மாதிரி. பெயர் சொல்லமாட்டார்கள்.

மாணவர்களிடம் எதுவும் வாங்காதீர்கள். 2016 செப்டெம்பர் 28 முதல் அதற்குச் சட்டம் இருக்கிறது, புள்ளி போடுகிற ஆசிரியருக்கு ஒரு கோப்பி டின்கூடக் கொடுக்க முடியாது. சியோங்தோவில் பழத்தோட்டம் வைத்திருக்கும் ஒரு மாணவனின் பெற்றோர் ஒரு பை சீமைப்பனிச்சைப் பழம் (பேர்சிமன்) கொடுத்தனுப்பினார்கள். அந்தப் பக்கப் பழத்தில் விதையே இருக்காது. தீபாவளிக்கு வீடு வீடாகப் பலகாரத் தட்டுக் கொண்டுபோகிற ஊரில் வளர்ந்த எனக்கு, அதைத் திருப்பிக் கொடுத்தது இன்றும் மனதில் நிற்கிறது.

சாப்பாடு: கிம்ச்சி என்று கோவாவைப் புளிக்கவைத்துச் செய்வார்கள், பார்த்தால் மரக்கறி. ஆனால் பெரும்பாலும் நெத்தலிச் சாறோ உப்பிட்ட கூனியோ சேர்த்திருப்பார்கள். சூப்பும் நெத்தலியில்தான். செவ்வாய், வெள்ளி நீங்களே சமைப்பது நல்லது. சோற்றைக் கரண்டியால் சாப்பிடுங்கள், குச்சியைச் சோற்றில் செங்குத்தாய்க் குத்தி வைக்காதீர்கள், அது இறந்தவர்களுக்குப் படைக்கிற மாதிரி. குளிர் வெளியே நுவரெலியாவைவிட மோசம், பூச்சியத்துக்குக் கீழே போகும். வீட்டுக்குள் தரையே சூடாக இருக்கும், அங்கே சுவெட்டர் தேவைப்படாது.

மஸ்கெலியா மணி:

சேர், நான் ஆன்சானில் தொழிற்சாலையில் 4 வருடம் 10 மாதம் இருந்தேன். அக்கா சொன்னது எல்லாம் சரி. மூன்று விஷயம் சேர்க்கிறேன்.

குப்பைக்கு அந்தந்த ஊர்ப் பை கடையில் விற்பார்கள், அதில்தான் போட வேண்டும். சாப்பாட்டுக் கழிவு, பிளாஸ்டிக், கடதாசி எல்லாம் தனித்தனி.

வேலை முடிந்து எல்லோரும் சாப்பிடப் போகும்போது குடிக்கச் சொல்வார்கள். நான் குடிப்பதில்லை என்று முதல் நாளே சொல்லிவிட்டு, பெரியவருக்கு இரண்டு கையாலும் ஊற்றிக் கொடுத்தேன். அதற்குப் பிறகு யாரும் வற்புறுத்தவில்லை.

அங்கே நேரம் நம்மைவிட மூன்றரை மணித்தியாலம் முன்னால். அம்மா ஐந்து மணிக்கு மலையில் இருந்து இறங்கினால் உங்களுக்கு இரவு எட்டரை. பேசுவதற்கு நல்ல நேரம். தவறாமல் எடுங்கள் சேர், நான் சில நாள் தூங்கிவிட்டேன், என் அம்மா அடுத்த நாள் வேலைக்கே போகவில்லை.

ஹட்டன் பிள்ளை:

அக்கா, மணி அண்ணா, மிக்க நன்றி. இரண்டையும் அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். தீர்த்தம் வாங்குகிற மாதிரி என்றதும் சிரித்தார். அப்புறம் ஒரு கேள்வி கேட்கிறார்: அங்கே தேயிலை இருக்கிறதா?

பண்டாரவளை அக்கா:

இருக்கிறது என்று சொல்லுங்கள். பொசோங்கிலும் ஹாடோங்கிலும் மலைச்சரிவு முழுக்கத் தேயிலைதான், பெரும்பாலும் பச்சைத் தேயிலை. நம்மைப் போல வருடம் முழுக்க எடுக்க முடியாது, பனிக்காலத்தில் செடி உறங்கிவிடும். ஏப்ரல் 20ஐ ஒட்டி எடுக்கிற முதல் கொழுந்துக்குத்தான் விலை அதிகம்.

நான் ஒரு ஏப்ரலில் ஹாடோங் போனேன். ஒரு பாட்டி குனிந்து எடுத்துக்கொண்டிருந்தார். சின்ன வயதில் அம்மாவோடு மலைக்குப் போன பழக்கத்தில் என் கை தானாக ஒரு கொழுந்தைக் கிள்ளிவிட்டது. பயந்துபோய் நின்றேன். அவர் என் விரலைப் பார்த்தார், கையில் இருந்ததைப் பார்த்தார், இடுப்பில் கட்டியிருந்த பையை அவிழ்த்து இரண்டு கையாலும் என்னிடம் நீட்டினார். பொழுது சாயும் வரை அவரோடு கொழுந்து எடுத்தேன்.